முதுகில் போடும் ஊசியால் கர்ப்பகால பிரஷர் சரியாகுமா?

குடியாத்தத்துக்காரன்:
மனைவிக்கு 35 வாரம். போன மாதம் வரை 120/80. இப்போது 150/100, சிறுநீரில் புரதமும் போகிறது. இரண்டு நாள் சேர்த்துப் பார்த்துவிட்டு லேபெடலால் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வாரம் இரண்டு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அத்தை ஒரு குண்டைப் போட்டார். அவர் மகளுக்குப் பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் மரத்துப்போகும் ஊசி (எபிடியூரல்) போட்டதும் பிரஷர் சட்டென்று இறங்கிவிட்டதாம். அப்படியானால் அதை இப்போதே போட்டுக்கொண்டு மாத்திரையை நிறுத்தலாமா? எங்கள் அம்மாவோ, அந்த ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி என்கிறார். ஓபி கூட்டத்தில் இதையெல்லாம் கேட்க வாய் வரவில்லை.

காட்பாடி, ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்:
தம்பி, மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அத்தை பார்த்தது பொய்யில்லை. ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் அந்த மருந்தில் மரத்துப்போகும். குழாய் தளரும், பிரஷர் இறங்கும். வலியால் ஏறியிருந்ததும் அடங்கும். ஆனால் மருந்து உள்ளே போகும் வரைதான் அது. நோயின் வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அது வெளியே வந்தபிறகுதான் உடம்பு மெல்லத் திரும்பும். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் தனியாகப் போடுவார்கள், அந்த வேலையை முதுகு ஊசி செய்யாது.

பிரசவ நேரத்தில் அது நல்ல துணைதான். சிசேரியன் என்றால் இன்னும். முழு மயக்கம் கொடுத்துத் தொண்டையில் குழாய் விடும்போது பிரஷர் எகிறும். இந்த நோயில் தொண்டையும் வீங்கியிருக்கும். அதனால் முதுகு ஊசியைத்தான் விரும்புவார்கள். பிரஷர் ஒரேயடியாக இறங்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும் என்பதால் விட்டுவிட்டு அளந்துகொண்டே இருப்பார்கள். இடுப்பு வலி? குத்திய இடம் சில நாள் வலிக்கும், அவ்வளவுதான்.

வாலாஜா பொண்ணு:
அண்ணா, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எவ்வளவு என்று கேட்டீர்களா? எனக்கு 62,000-க்கு இறங்கிவிட்டது. முதுகெலும்புக்குள் ரத்தம் கட்டிவிடும் என்று ஊசியே போடவில்லை, முழு மயக்கத்தில்தான் ஆபரேஷன். 70,000-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் போடுவார்களாம். இன்னொன்று. பிள்ளை பிறந்ததும் முடிந்தது என்று கம்மென்று இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் தலை பிளந்தது, பார்த்தால் 170/110. மாமியார் உப்பில்லாக் கஞ்சி ஊற்றியதில் ஒரு பயனும் இல்லை.

காட்பாடி, ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்:
சரியாகச் சொன்னாய் அம்மா. பெற்ற பிறகு முதல் வாரத்தில் ஏறுவது உண்டு. தம்பி, விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியில் வலி, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் ராத்திரி 2 மணியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஓபி நாளுக்குக் காத்திருக்க வேண்டாம்.

குடியாத்தத்துக்காரன்:
இன்று போனபோது இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நீட்டிவிட்டேன். டாக்டரம்மா சிரித்தார். பிளேட்லெட் 1,80,000. 37 வாரத்தில் வலி வரவைப்போம், அப்போது முதுகு ஊசி போட்டுக்கொள்ளலாம், அதுவரை மாத்திரைதான் என்றார். வரும் வழியில் பி.பி. மிஷின் ஒன்று வாங்கினேன். வீட்டில் பிரித்ததும் முதல் ஆளாக அம்மாதான் கையை நீட்டினார். 164/92.

நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.