உரிய பெயரைப் பெறாமல் போன ராக் இசைக்குழுக்கள்: உங்கள் நெஞ்சில் நிற்பது எது?

பாளைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன்; ஐம்பது வயதைக் கடந்தவன். 1980களின் இறுதியில் எங்கள் ஊரில் ஆங்கில ராக் இசை கேட்க விரும்பியவர்கள் வெற்றுக் கேசட் ஒன்றையும் பாடல்களின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு, பதிவு செய்து தரும் கடையில் கொடுத்துவிட்டு, நான்கைந்து நாள் காத்திருந்து வாங்கி வருவோம். கடைக்காரரிடம் எந்த இசைத்தட்டு இருந்ததோ அதுவே எங்களுக்குக் கிடைத்த ராக் இசை. பீட்டில்ஸ், டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிளாய்ட் எல்லாம் அவரிடம் இருந்தன; ஆகவே அவற்றையே சிறந்தவை என்று நம்பினோம். அவை சிறந்தவைதாம் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் அந்த அலமாரிக்கு வந்து சேராமல் போனவை எப்படிப்பட்டவை என்ற கேள்வி அன்று எங்களில் ஒருவருக்கும் எழவில்லை.

சென்ற மாதம், தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் என் தங்கை மகன், பிக் ஸ்டார் என்ற குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்கச் சொன்னான். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்துக் குழு அது. 1972இல் வெளிவந்த அந்த ஆல்பத்தை விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். ஆனால் விநியோகம் சீர்கெட்டுக் கிடந்ததால், பாராட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு இசைத்தட்டு கிடைக்கவில்லை. வெளிவந்த காலத்தில் 10,000 பிரதிகள்கூட விற்கவில்லை. அக்குழுவின் அலெக்ஸ் சில்ட்டன், 16 வயதில் வேறொரு குழுவுக்காகப் பாடிய பாட்டு 1967இல் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தது. அப்படிப்பட்டவரின் குரலும், கிறிஸ் பெல்லின் குரலும், துலக்கி வைத்த வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல் கணீரென்று ஒலிக்கும் கிதார்களும் சேர்ந்த இசை, மூட்டை பிரிக்கப்படாமலே கிடங்கில் கிடந்தது என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பெல் 1978இல் தம் 27ஆம் வயதில் கார் விபத்தில் இறந்துபோனார். அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதாக ஆர்.ஈ.எம். போன்ற புகழ்பெற்ற குழுக்கள் பின்னாளில் எடுத்துச் சொல்லும்போது அவர் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். இவர்களைப் போல் உரிய பெயரைப் பெறாமல் போன ராக் குழு என்று நீங்கள் உறுதியாகக் கருதுவது எது? பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், அவர்கள் இசையில் என்ன இருக்கிறது, அது ஊராருக்கு எட்டாமல் குறுக்கே நின்றது எது என்பவற்றையும் எழுத வேண்டுகிறேன்.

அம்பைக்காரர் எழுதியது:

பாளைவாசி அண்ணாச்சிக்கு வணக்கம். என் விடையில் எனக்குத் தயக்கமே கிடையாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து டெத் (மரணம்) என்ற குழு. டேவிட், பாபி, டேனிஸ் என்ற ஹாக்னி சகோதரர்கள் மூவர் மட்டுமே அதில் இருந்தார்கள். டேவிட் கிதார் வாசித்தார். பாபி பேஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடினார். டேனிஸ் டிரம்ஸ் வாசித்தார்.

டெட்ராய்ட்டில் கறுப்பின இளைஞர்கள் இசைக்குழு அமைத்தால் சோல் அல்லது ஃபங்க் என்ற கறுப்பின மக்களின் இசை வகைகளைத்தான் வாசிப்பார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்த காலம் அது. இச்சகோதரர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். பிறகு தி ஹூ, ஆலிஸ் கூப்பர் ஆகியோரின் கச்சேரிகளைக் கேட்டுவிட்டு, முழுமூச்சாக வேகமான ராக் இசைக்குத் திரும்பினார்கள். இதற்கிடையில் அவர்களுடைய தந்தை ஒரு விபத்தில் இறந்துவிட்டார். மரணத்தை அச்சத்துக்குரியதாகப் பார்க்காமல் வேறு விதமாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தில் டேவிட் அந்தப் பெயரைக் குழுவுக்குச் சூட்டினார். 1975இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் தலைவராக முன்பு இருந்த கிளைவ் டேவிஸ் அவர்களுடைய பதிவுக்குப் பணம் கொடுத்தார். 12 பாடல்கள் என்பது திட்டம். பெயரை மாற்றிக்கொள்ளுமாறு அவர் கேட்டார். டேவிட் மறுத்தார். பணம் நின்றது, ஏழு பாடல்களோடு பதிவும் நின்றது. 1976இல் அவர்கள் தங்கள் சொந்தச் செலவில் 500 இசைத்தட்டுகள் அடித்தார்கள். வானொலிக்காரர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏழு பாடல்களையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பங்க் என்ற ராக் வகையின் பெயரில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரும் பரபரப்பு எழுவதற்கு முன்பே, அந்த வேகமும் அந்தக் கோபமும் இந்த மூவரிடம் முழுமையாக இருந்தன. வேகத்தைவிட என்னை ஈர்ப்பது தாளமே. எங்கள் பக்கத்து அம்மன் கோயில் கொடை விழாக்களில் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு தவில்காரர்கள் எதிரெதிரே நின்று வாசிக்கும்போது, ஒருவர் திடீரென்று நடையை மாற்றுவார். மற்றவர் கண்ணால்கூடக் கேட்காமல் அதே நொடியில் உடன் மாறுவார். பம்பைக்காரர் அந்த இடைவெளியில் புகுந்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போவார். பல ஆண்டுகள் ஒன்றாக வாசித்தவர்களுக்கே அது கைகூடும். ஹாக்னி சகோதரர்களின் இசையிலும், விரைந்து போகும் பாட்டு நடுவில் சட்டென்று நின்று, மெல்ல நடந்து, மறுபடி பாயும் இடங்களில், ஒரே வீட்டில் வளர்ந்த கைகளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

குழு கலைந்த பின் இளையவர்கள் இருவரும் வெர்மான்ட் மாநிலத்தில் தங்கி, ஜமைக்காவின் ரெகே இசை வாசித்தார்கள். டேவிட் 2000இல் புற்றுநோயால் இறந்தார். தங்கள் இசையைத் தேடி உலகம் ஒரு நாள் வரும், பதிவு நாடாக்களைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று அவர் தம்பிகளிடம் சொல்லி வைத்திருந்தார். 2009இல் டிராக் சிட்டி என்ற நிறுவனம் அந்த ஏழு பாடல்களையும் வெளியிட்டது. 34 ஆண்டுகள் அவை முழுத் தொகுப்பாக வெளிச்சம் காணாமல் இருந்திருக்கின்றன.

தென்காசிச் சாரல் எழுதியது:

அம்பைக்காரர் சொன்னவற்றை ஏற்கிறேன். ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்ல விரும்புகிறேன். டெத் குழுவைப் பங்க் இசையின் தந்தை என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். யாருமே கேட்டிராத இசை யாருக்குத் தந்தையாக முடியும்? அவர்களை அந்த இசையின் தரத்துக்காகப் போற்றுவோம். வழிகாட்டி என்ற பட்டத்தை வலிந்து சூட்டினால், பட்டம் பொய் என்று ஒருவர் நிறுவும் நாளில் இசையின் மதிப்பும் சேர்ந்து குறைந்துவிடும்.

நான் முன்வைப்பது பேட்ஃபிங்கர் என்ற குழு. வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகரத்தில் தொடங்கி, 1968இல் பீட்டில்ஸின் ஆப்பிள் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தவர்கள். இவர்களுடைய நிலை பிக் ஸ்டாருக்கு நேர் எதிரானது. இவர்கள் இயற்றிய ஒரு பாட்டை உலகமே அறியும்; இவர்களை அறியாது. ‘வித்தவுட் யூ’ என்ற பாட்டைக் கேட்காதவர்கள் இங்கே மிகக் குறைவாகவே இருப்பார்கள். ஹாரி நில்சன் பாடி 1972இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பெற்றார். 1994இல் மரியா கேரி பாடி மீண்டும் பிரிட்டனில் முதலிடம் பெற்றார். அதை முதலில் எழுதி 1970இல் பதிவு செய்தவர்கள் இக்குழுவின் பீட் ஹாமும் டாம் எவன்ஸும். ஹாமிடம் சரணம் இருந்தது, அதற்கேற்ற பல்லவி அமையவில்லை. எவன்ஸிடம் பல்லவி இருந்தது, சரணம் அமையவில்லை. இரண்டையும் இணைத்தார்கள்.

பாட்டுக்கு வந்த பணம் அவர்களுக்கு வந்து சேரவில்லை. கணக்கு வழக்கு முழுவதும் மேலாளரின் கையில் இருந்தது. வழக்குகளும் முடக்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1975 ஏப்ரலில், குழந்தை பிறக்க ஒரு மாதமே இருந்த நிலையில், பீட் ஹாம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 27. எட்டு ஆண்டுகள் கழித்து எவன்ஸும் அதே முடிவைத் தேடிக்கொண்டார். அவர்களுடைய மூலப் பதிவைக் கேளுங்கள். நில்சனின் பதிவில் உள்ள அலங்காரம் எதுவும் இல்லாமல், பக்கத்து வீட்டு இளைஞன் தாழ்ந்த குரலில் குறை சொல்வதுபோல் இருக்கும். எனக்கு அதுதான் உயர்வாகப் படுகிறது.

நாசரேத் மகள் எழுதியது:

இதுவரை சொல்லப்பட்ட மூன்று குழுக்களிலும் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. குறையாகச் சொல்லவில்லை; அதனாலேயே என் விடை எளிதாகிறது. ஃபேனி என்ற குழுவை நீங்கள் எல்லாரும் கேட்க வேண்டும்.

பிலிப்பைன்ஸின் மணிலாவில் பிறந்து, 1961இல் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவுக்குக் குடிபெயர்ந்த ஜூன் மில்லிங்டன், ஜீன் மில்லிங்டன் என்ற சகோதரிகள் அதன் அச்சாணி. ஜூன் கிதார், ஜீன் பேஸ் கிதார். ஆலிஸ் டி பூர் டிரம்ஸ், நிக்கி பார்க்லே கீபோர்டு. 1970இல் ரிப்ரைஸ் நிறுவனம் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டது. பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக முழு ஆல்பம் வெளியிட்ட பெண்கள் ராக் குழுக்களில் அவர்கள் முன்னோடிகள். 1974க்குள் ஐந்து ஆல்பங்கள் வந்துவிட்டன. 1971இல் ஒரு பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 40ஆம் இடம் வரை ஏறியது. அதற்குப் பிறகு ஏறக்குறைய எல்லாரும் மறந்துவிட்டார்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற ராக் பாடகர் டேவிட் போவி 1999இல் ஒரு நேர்காணலில், தம் காலத்தின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று இது என்றும், அவர்களைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்றும் மனம் வருந்திச் சொன்னார்.

குறுக்கே நின்றது எது என்று பாளைவாசி ஐயா கேட்டார்கள். விநியோகம் இருந்தது, நிறுவனம் இருந்தது, மேடையும் இருந்தது. கேட்க வந்தவர்கள் கண்ணால் கேட்டார்கள் என்பதே என் விடை. பெண்கள் வாசிக்கும்போது, எப்படி வாசிக்கிறார்கள் என்பதைவிட, வாசிக்கிறார்களே என்ற வியப்பே முன்னால் வந்து நின்றது. அந்த வியப்பை நான் அறிவேன். எங்கள் ஊரில் ஆலயப் பாடகர் குழுவில் பெண் பிள்ளைகள் பாடுவோம். கிதாரும் டிரம்ஸும் பையன்களிடம் இருக்கும். ஒரு டிசம்பரில், கேரல் ரவுண்டுக்கு வரவேண்டிய கிதார்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டதால், அண்ணனிடம் ஒளிந்து கற்றிருந்த நான் கிதாரை எடுத்து மாட்டிக்கொண்டேன். வீடு வீடாகப் பாராட்டினார்கள். ஆனால், “பொம்பளப் பிள்ள கிதார் வாசிக்குது” என்று சொன்னார்களே தவிர, சுருதி சேர்ந்திருந்தது என்றோ தாளம் பிசகியது என்றோ ஒருவரும் சொல்லவில்லை. உண்மையில் இரண்டு இடங்களில் பிசகியது. அதை யாராவது சொல்லியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

ஃபேனியைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஜீனின் பேஸ் கிதார் பாட்டின் அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். மேடைப் பதிவுகள் ஆல்பங்களைவிடச் சிறப்பாக இருக்கும். ஜூன், இசைக் கலையில் பெண்களுக்கும் சிறுமியருக்கும் பயிற்சி அளிக்கும் நிறுவனம் ஒன்றைப் பின்னாளில் உடன் நிறுவினார். அது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது.

வள்ளியூரான் எழுதியது:

மெம்ஃபிஸும் டெட்ராய்ட்டும் இருக்கட்டும். நம் நாட்டு ராக் குழுக்களையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். கொல்கத்தாவின் மொஹினேர் கோராகுலி 1970களின் நடுவிலேயே வங்க மொழியில் ராக் இசை படைத்தது. கௌதம் சட்டோபாத்யாயின் தலைமையில், வங்கத்தின் பாவுல் என்னும் நாடோடிப் பாடகர்களின் நாட்டுப்புற இசையையும் கிதாரையும் கலந்து, 1977 முதல் 1979 வரை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டார்கள். அன்றைய கேட்பவர்களுக்கு அது பிடிபடவில்லை. 1990களில்தான் இளைஞர்கள் அவர்களைத் தேடிக் கண்டெடுத்தார்கள். 2006இல் ஓர் இந்தித் திரைப்படப் பாட்டு அவர்களுடைய மெட்டில் அமைந்து நாடெங்கும் ஒலித்தது. அந்த மெட்டு யாருடையது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? தென்காசிச் சாரல் சொன்ன பேட்ஃபிங்கரின் கதை இங்கேயும் நடந்திருக்கிறது.

எங்கள் வள்ளியூருக்குத் திருவனந்தபுரம் அருகில்தான். அங்கே 2003இல் தொடங்கிய அவியல் குழு, 2008இல் மலையாளத்தில் ஒரு முழு ராக் ஆல்பம் வெளியிட்டது. சந்தைக்காக ஆங்கிலத்துக்கு மாறாமல், நாட்டுப் பாடல்களின் சொற்களை முரட்டுக் கிதாருக்கு நடுவில் நிறுத்திப் பாடியவர்கள் அவர்கள். அதன் கிதார் கலைஞர் ரெக்ஸ் விஜயன் பிறகு திரைப்பட இசையமைப்பாளராகப் பெயர் பெற்றார். தமிழில், சென்னையின் குரங்கன் குழுவில் கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்து செய்தவற்றை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அதே தென்மா, 2018 சனவரியில் 19 கலைஞர்களோடு சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவுக்கு இசைப் பொறுப்பேற்றபோது பலரும் அறிந்தார்கள். கானாவும் பறையும் மின்கிதாரும் ஒன்றாக ஒலித்த இசை அது.

நம்மிடம் குறுக்கே நிற்பது திரைப்படம். தமிழில் ஒரு பாட்டு நன்றாக இருந்தால் நாம் உடனே கேட்பது, எந்தப் படம் என்பதைத்தான். எந்தப் படமும் இல்லை என்ற விடை கிடைத்ததும் ஆர்வம் வடிந்துவிடுகிறது. இந்த வழக்கத்தை நான் என் வீட்டிலேயே மாற்ற முடியாமல் இருக்கிறேன்.

பாளைவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று இரவுகளாக நீங்கள் சொன்னவற்றையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். டெத் குழுவை முதலில் கேட்டேன். தவில் பற்றி அம்பைக்காரர் எழுதியிருக்காவிட்டால் அந்த நிறுத்தங்களை நான் கவனித்திருக்க மாட்டேன். வேகம் மட்டுமே காதில் விழுந்திருக்கும். பேட்ஃபிங்கரின் பதிவைக் கேட்ட பிறகு, 1988இல் நான் பதிவு செய்து வாங்கிய கேசட் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அட்டையில் என் கையெழுத்தில் அந்தப் பாட்டின் பெயரும், அதற்கு எதிரே நில்சன் என்ற பெயரும் மட்டும் இருந்தன. கீழே ஹாம், எவன்ஸ் என்று எழுதிச் சேர்த்துவிட்டேன்.

நாசரேத் சகோதரிக்கு ஒரு செய்தி. ஃபேனியின் மேடைப் பதிவு ஒன்றைத் தங்கை மகனிடம் படத்தைக் காட்டாமல் ஒலியை மட்டும் கேட்க வைத்தேன். இரண்டு பாட்டு முடிந்ததும், பேஸ் கிதார் வாசிப்பவர் யார், அந்த இடத்தை மறுபடி போடுங்கள் என்றான். மூன்று முறை போட்டேன். பெயரைச் சொன்னேன், எழுதி வைத்துக்கொண்டான். இன்று மாலை பாடகர் குழுப் பயிற்சிக்கு வரும் பெண் பிள்ளை ஒருத்திக்கு அதை அனுப்பியிருக்கிறான்; பேஸ் கிதார் கற்றுக்கொள்ள வேண்டுமென்று அவள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.