"உனக்கு எந்த மாசம்டே இலை உதிரும்?"

களியக்காவிளை:

நான் களியக்காவிளைக்காரன், ஐடி வேலை. திருவனந்தபுரம் வரை ரயில், அங்கிருந்து கழக்கூட்டத்துக்கு பஸ். இப்படி அங்கே இருக்கும் டெக்னோபார்க் ஐடி பூங்காவுக்கு ஆறு வருடம் போய்வந்தேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டு நான்கு வருடமாக ஒப்பந்த வேலை. பணம் முதலில் நன்றாகத்தான் வந்தது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், வீட்டிலிருந்து கிளையண்ட் நெட்வொர்க்குக்குள் நுழைகிற விபிஎன் திறக்கவில்லை. பாஸ்வேர்டு காலாவதி ஆகியிருக்கும் என்று டிக்கெட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என்னை அந்த வேலையில் போட்ட கன்சல்டன்சியிலிருந்து போன்: "பட்ஜெட் கட் ஆயி, சேட்டா." அவ்வளவுதான். வெளிநாட்டு கிளையண்ட், பெங்களூரில் ஒரு வெண்டர், அவருக்குக் கீழே இந்தக் கன்சல்டன்சி, அதற்கும் கீழே நான். ஒப்பந்தத்தில் 30 நாள் நோட்டீஸ் இருந்தது, நான் விலகுவதாக இருந்தால். கிளையண்ட் நிறுத்தினால் அன்றைக்கே முடியும் என்பது வேறொரு பக்கத்தில் இருந்தது. படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன், பொய் சொல்லக் கூடாது.

நிரந்தர வேலையில் இருந்தபோது ப்ராஜெக்ட் இல்லாவிட்டால் பெஞ்சில் உட்காருவோம், சம்பளம் வரும். அந்தப் பெஞ்சின் செலவு கம்பெனியுடையது. இப்போது எங்கள் வீட்டுத் திண்ணைதான் பெஞ்ச், செலவு என்னுடையது.

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பெய்தால் வெட்டு இல்லை, மரம் இலை உதிர்க்கும் காலத்திலும் இல்லை. ஆனால் அது எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். அரிசி வாங்கிப் போடுவது, சீட்டுப் பணம் கட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கும். நான் விஷயத்தைச் சொன்னதும் கேட்டார்: "உனக்கு எந்த மாசம்டே இலை உதிரும்?" பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படிப் போகிறது?

செங்கோட்டை:

தம்பி, உங்களுக்கு வேலை நின்றது. எனக்கு வேலை முடிந்தும் பணம் வரவில்லை. சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை, மூன்று மாத இன்வாய்ஸ் பாக்கி. "கிளையண்ட் கொடுத்தால் நாங்களும் கொடுப்போம் மேடம்" என்று ஒரே பாட்டு.

நல்லவேளை, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் முன்பே எடுத்து வைத்திருந்தேன். 2006ஆம் வருட சிறு, குறு தொழில் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதை எழுதி மெயில் போட்டேன், அசையவில்லை. 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 43பி(ஹெச்) பிரிவு பற்றி இரண்டாவது மெயில் போட்டேன். அந்தக் கெடுவுக்குள் எனக்குப் பணம் தராவிட்டால், தருகிற வருடம் வரை அதை அவர்கள் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது. மறுநாளே அக்கவுண்ட்ஸிலிருந்து போன் வந்தது! வட்டிக்குப் பயப்படாதவர்கள் வரிக்குப் பயந்தார்கள். இரண்டு தவணையில் அசல் வந்தது, வட்டியை நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவர்களிடமிருந்து வேலையும் வரவில்லை.

வாளையார்:

எனக்கு ஒரு ஒப்பந்தத்துக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி ஐந்து மாதம். அதில் பாதி என் அவசரத்தால் வந்தது. கோவையில் ஒரு கன்சல்டன்சி, கொச்சியில் ஒன்று, சென்னையில் ஒன்று, கேட்டவர்களுக்கெல்லாம் ரெஸ்யூம் அனுப்பினேன். மூன்று பேரும் ஒரே கிளையண்டிடம் கொடுத்திருக்கிறார்கள், மூன்று வெவ்வேறு ரேட்டில். "டூப்ளிகேட்" என்று தள்ளிவிட்டார்கள், இன்டர்வியூவுக்கே கூப்பிடவில்லை. இப்போது கிளையண்ட் பெயரைச் சொல்லாமல் யார் கேட்டாலும் அனுப்புவதில்லை.

இன்னொன்று, வீட்டுக்கடன். 1961ஆம் வருட வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று ஆடிட்டர் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. கணக்குப் புத்தகம் வேண்டாம், வரியும் குறைவு. வங்கிக்குப் போனால் சம்பள ஸ்லிப் இல்லை, இரண்டு வருட வருமான வரி ரிட்டர்னைக் கேட்டார்கள். அதில் இருந்த பாதியைத்தான் வருமானமாக எடுத்துக்கொண்டார்கள். நான் கேட்ட தொகை கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் என் வரவில் முக்கால்வாசிதான் சம்பளம் வாங்குகிறான், அவனுக்குக் கிடைத்துவிட்டது.

களியக்காவிளை:

செங்கோட்டை அக்கா, உத்யம் நேற்றே போட்டுவிட்டேன். எனக்கு வர வேண்டிய பழைய பாக்கிக்கு உதவுமா என்று ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். 45 நாள் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "நான் ரப்பர் ஷீட்டைக் கொண்டுபோய் தராசில் வச்சா கடைக்காரன் அப்பவே ரூபா தாறானே" என்றார்.