பெண்களுக்கு ஏற்ற ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை): உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ஃபிரிஸ்கோ மீனா

ஒரு பிறந்தநாள் விழாவில் நடந்தது மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. தோழி ஒருத்தி துப்பாக்கியை ஹேண்ட்பேக்கில்தான் வைத்திருப்பாள். பக்கவாட்டில் தனி ஜிப் வைத்து இதற்கென்றே விற்பார்களே, அந்தப் பை. அதை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, கேக் வெட்டுவதைப் படம் எடுக்கப் போய்விட்டாள்.

யார் வீட்டுக் குழந்தையோ தெரியவில்லை, இரண்டரை வயசு இருக்கும். பைக்குள் கையை விட்டு லிப் பாமை எடுத்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அப்புறம் பக்கவாட்டு ஜிப்பின் வளையத்தைப் பிடித்து இழுத்தது. ஒரு அங்குலம் திறந்தும் விட்டது. நான் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் பையைப் பிடுங்கினேன். குழந்தை அலறியது. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். தோழி வந்து, "ஜிப் போட்டுத்தானே வச்சிருக்கேன், எதுக்கு இவ்வளவு சீன்?" என்றாள். இப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலம் ஹேடனில் நடந்தது அவளுக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன், அம்மாவின் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டான். அம்மா இறந்துபோனார், வயது 29. அந்தப் பை கணவர் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது. அதுவும் ஜிப் வைத்த பைதான்.

உடம்போடு போட்டுக்கொள்கிற ஹோல்ஸ்டரில் உங்களுக்கு எது ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை?

கொலம்பஸ் காயத்ரி

மீனா, பையைப் பிடுங்கியது சரிதான். அவள் பேசாவிட்டால் போகட்டும்.

என் கதை பெல்லி பேண்ட். வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற அகலமான எலாஸ்டிக் பட்டை, துப்பாக்கிக்குத் துணிப் பை, மேலே ஒரு வெல்க்ரோ. சௌகரியம் என்றால் அப்படி ஒரு சௌகரியம். லெக்கிங்ஸ் மேலேயும் போடலாம். எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு ஒரு வகுப்புக்குப் போனேன். சொல்லிக் கொடுத்தது ஒரு வயதான அம்மா. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றச் சொன்னார். சேம்பர், அதாவது சுடுவதற்கான தோட்டா நிற்கும் அறை, காலி என்று அவரும் பார்த்தார், இன்னொரு மாணவியையும் பார்க்கச் சொன்னார். துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்துவிட்டு என் பட்டைக்குள் செருகச் சொன்னார். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, அதன் ரப்பர் முனையால் என் டாப்ஸுக்கு மேலேயே ஓர் இடத்தில் அழுத்தினார்.

'டிக்.'

தொப்புளுக்குக் கீழேயிருந்து வந்தது அந்தச் சத்தம். தோட்டா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் விளக்கவே இல்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்தவளிடம் போய்விட்டார்.

என்னுடையது க்ளாக் 43. அதில் வெளியே தனியாக சேஃப்டி பட்டன் கிடையாது. ட்ரிகர் அழுந்தினால் வெடிக்கும். அப்படியென்றால் ட்ரிகரை எதுவும் தொடாமல் காப்பது ஹோல்ஸ்டர் மட்டும்தான். துணி அதைச் செய்யாது. இப்போது ட்ரிகர் பகுதியை முழுக்க மூடுகிற கைடெக்ஸ் ஓடு தைத்த பட்டை வைத்திருக்கிறேன். கைடெக்ஸ் என்றால் கெட்டியான பிளாஸ்டிக், உங்கள் மாடலுக்கென்றே அச்சில் அழுத்தி உருவாக்கியது. காலித் துப்பாக்கியைச் செருகித் தலைகீழாகக் குலுக்கினாலும் விழவில்லை.

அட்லாண்டா சுபா

காயத்ரி, பெல்லி பேண்டையே குற்றம் சொல்லாதீர்கள். நீங்கள் வாங்கியது மலிவு ரகம். அதற்கு எல்லாப் பட்டையும் என்ன செய்யும்? நான் சல்வாருக்குள் போடுவது அதைத்தான், ஆனால் ட்ரிகர் ஓடு வைத்தது. கடைசியில் நீங்களும் அதற்குத்தானே வந்து சேர்ந்தீர்கள்!

எனக்கு மனசில் நிற்பது கடைக்காரர். நான் சிக் பி365 வாங்கியிருந்தேன், அதற்கு ஹோல்ஸ்டர் கேட்டேன். என்னைப் பார்க்கக்கூட இல்லை, என் கணவரைப் பார்த்து, "லேடீஸுக்கா? இதோ" என்று ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். வேறு மாடல் துப்பாக்கிக்கானது. பொருந்தாதே என்றேன். "ஏறக்குறைய பொருந்தும்" என்றார். ஏறக்குறைய!

சரி, இன்னொரு கடையில் நல்லதாகவே வாங்கினேன். பெல்ட்டில் மாட்டுவது, ஆண்கள் போடுகிற மாதிரி வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால். காரில் உட்கார்ந்தால் பிடி விலாவில் குத்தும். எடுக்கப் போனால் முழங்கையை அக்குள் உயரத்துக்குத் தூக்க வேண்டியிருக்கும். எனக்குத்தான் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டே நாளை ஓட்டினேன். அப்புறம் சுடப் பழகும் ரேஞ்சில் ஒரு பெண் சொன்னாள்: நமக்கு இடுப்பெலும்புக்கும் அக்குளுக்கும் நடுவில் இடம் குறைவு. இடுப்பு கீழ்ப்பக்கம் விரிவதால் ஹோல்ஸ்டரின் அடிப்பாகத்தை அது வெளியே தள்ளும், மேலே பிடி உள்பக்கமாகச் சாய்ந்து விலாவில் இடிக்கும். பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முன்பக்கம், தொப்புளுக்கு வலப்புறம் மாற்றினேன். குத்துவது நின்றுவிட்டது. ஆனால் அங்கே வைத்தால் பிடியின் முனை சட்டையைத் தள்ளிக்கொண்டு தெரியும். அதற்குப் பெல்ட்டை அழுத்தி, பிடியை வயிற்றோடு சேர்க்கும் சின்ன இறக்கை மாதிரி ஒன்று விற்கிறார்கள். ஹோல்ஸ்டரின் கீழ் முனைக்குப் பின்னால் ஒரு நுரைத் துண்டும் ஒட்டினேன். துப்பாக்கி இருப்பதே தெரியவில்லை.

ராலே பெரியப்பா

சகோதரிகளுக்கு வணக்கம். என் மனைவிக்கு நானே பார்த்துப் பார்த்து ஹோல்ஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைக்கூட அவள் போடவில்லை. ஒரு டிராயர் முழுக்கக் கிடக்கிறது. கேட்டால் சிரிக்கிறாள், காரணம் சொல்வதில்லை.

அது கிடக்கட்டும். புதிதாக வாங்குகிறவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஹோல்ஸ்டரின் வாய், துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகும் திறந்தே இருக்க வேண்டும். மடங்கிக்கொள்கிற மெல்லிய தோலை வாங்காதீர்கள். பழைய தோல் ஹோல்ஸ்டரின் விளிம்பு தளர்ந்து உள்ளே மடங்கி, திரும்பச் செருகும்போது ட்ரிகரில் மாட்டி வெடித்த சம்பவங்கள் உண்டு. ஜாக்கெட்டின் இடுப்புக் கயிறும் அதே வேலையைச் செய்யும். பெண்கள் உடையில் கயிறும் குஞ்சலமும் அதிகம். எடுப்பதில் வேகம் காட்டலாம், திரும்பச் செருகுவதில் ஒருபோதும் வேகம் கூடாது. சட்டையை இன்னொரு கையால் உயர்த்திப் பிடித்து, கண்ணால் பார்த்துச் செருகுங்கள். முன்பக்கம் போடுகிறவர்கள் இடுப்பை முன்னே தள்ளி நின்றால் குழல் தொடையைப் பார்க்காது. வீட்டில் கழற்றும்போது துப்பாக்கியோடு சேர்த்தே ஹோல்ஸ்டரைக் கழற்றிப் பெட்டகத்தில் வையுங்கள், தினமும் உருவிச் செருக வேண்டாம். கைடெக்ஸை வெயிலில் காரின் டாஷ்போர்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் வடிவம் மாறிவிடும். பெல்ட் கெட்டியாக இருக்கட்டும். பிரா ஹோல்ஸ்டர் என்று விற்பதைத் தொடவே வேண்டாம். 2015 புத்தாண்டு நாளில் மிச்சிகனில் ஒரு பெண் அதைச் சரிசெய்தபோது குண்டு கண்ணில் பாய்ந்து இறந்துபோனார். இன்னொன்று, துப்பாக்கி நிறம்...

(நீளம் கருதி மீதியை நாளை எழுதுகிறேன்.)

அட்லாண்டா சுபா

பெரியப்பா, நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் டிராயர் முழுக்க ஏன் கிடக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு தடவையாவது பெரியம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களா?

டல்லஸ் எச்4

நான் வாங்கப் போகிறவள் இல்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். தோழி ரேஞ்சுக்குக் கூப்பிட்டாள். அவளுடைய ஹோல்ஸ்டரை என் ஜீன்ஸில் மாட்டி, "உனக்கு எப்படி இருக்குன்னு பாரு" என்று துப்பாக்கியை நீட்டினாள். கையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் நடுவில் கையை வைத்து, "என்ன விசா?" என்று கேட்டார். எச்4 என்றேன், எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருகிற விசா. துப்பாக்கியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, நீட்டிய என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எச்1பி, எச்4, எஃப்1, எல்1 என்று நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் வருகிற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்கள் கைத்துப்பாக்கி எடுத்துப் போக லைசன்ஸே வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மாநிலச் சட்டம், இந்தத் தடையை அது எடுத்துவிடாது. கிரீன் கார்டு இருந்தால் வேறு கதை. உங்கள் தோழிகளிடம் துப்பாக்கியை நீட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிரிஸ்கோ மீனா

இது எனக்குத் தெரியும், ஆனால் "சும்மா போட்டுப் பார்" என்பதும் இதில் சிக்கும் என்று யோசித்ததே இல்லை. நன்றி.

ஹூஸ்டன் பரணி

எல்லோரும் ஹோல்ஸ்டரை நின்றுகொண்டே போட்டுப் பார்க்கிறீர்கள். ரெஸ்ட்ரூமில் உட்கார்ந்து பார்த்தீர்களா?

நெடுஞ்சாலை ஓரப் பெட்ரோல் நிலையம். பெல்ட்டில் மாட்டிய ஹோல்ஸ்டரோடு பேன்ட்டை இறக்கினேன். கனம் ஒரு பக்கம் இழுத்துப் பேன்ட் அப்படியே தரைக்குப் போய்விட்டது. தடுப்புக்கும் தரைக்கும் நடுவில்தான் ஓர் அடி இடைவெளி விடுவார்களே, அதன் வழியாகப் பக்கத்து அறையில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ தெரிந்தது. கொஞ்ச நேரம் அசைவில்லை. அப்புறம் ஒரு பாட்டியின் குரல், ரொம்ப நிதானமாக: "கண்ணு, உன்னோடது எட்டிப் பார்க்குது. பெல்ட்டை முட்டிக்கு மேலேயே மாட்டி வச்சுக்கோ, நானும் அப்படித்தான்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை. கை கழுவும்போது பார்த்தேன், எழுபது வயசு இருக்கும், பூப்போட்ட சட்டை. இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை.

பாட்டி சொன்னதுதான் சரி. பெல்ட் கொக்கியை முட்டிக்கு மேல் திரும்பப் போட்டுக்கொண்டால் கீழே இறங்காது. தனியாக வெளியே எடுத்துக் கொக்கியிலோ தொட்டி மூடி மேலோ வைக்காதீர்கள், அப்படி வைத்துத்தான் மறந்துவிட்டு வருகிறார்கள். மறதியைப் பற்றிச் சொன்னால், பைக்காரிகளுக்கும் ஒன்று: 2023-ல் மட்டும் அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 6,700-க்கு மேல் துப்பாக்கிகள் பிடிபட்டன, பத்தில் ஒன்பதுக்கு மேல் தோட்டா நிரப்பியவை. பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சொல்வது, "பையில் இருந்ததே ஞாபகம் இல்லை."

சான் அன்டோனியோ வள்ளி

புடவை பற்றி யாரும் எழுதவில்லையே. பாவாடை நாடா துப்பாக்கிக் கனத்தைத் தாங்காது, இது முதலிலேயே தெரிந்தது. பிஎச்எல்ஸ்டர் எனிக்மா என்று ஒன்று இருக்கிறது. உடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஹோல்ஸ்டர் தன் பட்டையிலேயே இடுப்பில் நிற்கும், மேலே ஏறாமல் இருக்கத் தொடையில் ஒரு வார். சல்வாருக்கும் லெக்கிங்ஸுக்கும் அருமை. புடவைக்குள்ளும் கட்டிப் பார்த்தேன். கொசுவம் மேலே விழுந்து சுத்தமாக மறைத்துவிட்டது.

காலித் துப்பாக்கியை வைத்து, கண்ணாடி முன் நின்று எடுத்துப் பார்த்தேன். முந்தானையை ஒதுக்கி, கொசுவத்தை உருவி, பாவாடையை இறக்கி... கை பிடிக்குப் போய்ச் சேரும்போது ஆறு கஜமும் காலடியில் கிடந்தது. மகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மூடிக்கொண்டு போனாள்.

அட்லாண்டா சுபா

ஐயோ வள்ளி! ஆனால் புடவை கட்டிக்கொண்டு எங்கே போகிறோம், கோவிலுக்கு. அங்கே எதற்குத் துப்பாக்கி?

சான் அன்டோனியோ வள்ளி

எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இரவு ஒன்பது மணிக்கு ஆளில்லாத பார்க்கிங்கில் தனியாக நடந்து பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். எப்படியும் நாங்கள் போகும் கோவில் வாசலில் 30.06 பலகை இருக்கிறது, லைசன்ஸ் இருந்தாலும் மறைத்து எடுத்துப் போகக் கூடாது. அதனால் புடவை நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில். காரில் விட்டுவிட்டுப் போவதும் எனக்குப் பிடிக்காது, கண்ணாடியை உடைத்து எடுப்பவனுக்குக் கொடுத்த மாதிரி.

கொலம்பஸ் காயத்ரி

வள்ளி, எனிக்மாவை நாள் முழுக்கப் போட்டால் தொடை வார் அறுக்கிறதா?

சான் அன்டோனியோ வள்ளி

இறுக்கினால் அறுக்கும். தளர்த்தியே விடுங்கள், வார் கீழ்நோக்கி இழுத்தால் போதும், தொடையைப் பிடிக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு பைக் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டால் வேர்க்குருவும் வராது.

ராலே பெரியப்பா

வள்ளி அம்மா, அந்த எனிக்மாவுக்கு அளவு எங்கே எடுக்க வேண்டும்? இடுப்பா, அதற்குக் கீழேயா? மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறாள்.

சான் அன்டோனியோ வள்ளி

பெரியம்மாவிடம் கீபோர்டைக் கொடுங்கள், சொல்கிறேன்.