முட்டை அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசி போடலாமா?

தென்காசி அம்மா:
மகனுக்கு ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. போன வாரம் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவை நாக்கில் வைத்தோம். கொஞ்ச நேரத்திலேயே முகமெல்லாம் தடிப்பு, உதடும் வீங்கிவிட்டது. முட்டை அலர்ஜி என்றார் டாக்டர். இந்தப் புதன்கிழமை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடணும். "அது முட்டையில் செய்கிற மருந்து, போடாதே" என்கிறார் மாமியார். போடலாமா?

குமார்77:
தள்ளிப்போடுங்க சகோதரி. பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு இதே ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு.

பழைய நர்ஸம்மா:
குமார் தம்பி, அது அலர்ஜி இல்லை. ஊசியில் இருப்பது வலு குறைத்த உயிருள்ள வைரஸ். அது உடம்பில் பெருகும்போது 7 முதல் 12 நாளுக்குள் சில பிள்ளைகளுக்கு அப்படி வந்து, தானே போய்விடும். பயப்பட வேண்டிய அலர்ஜி நாள் கணக்கில் காத்திருக்காது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தடிப்பு, இளைப்பு, துவண்டு போவது என்று காட்டிவிடும். பத்து லட்சம் டோஸுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும்.

தென்காசி அம்மா, சீரம் இன்ஸ்டிடியூட் கம்பெனியின் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) மருந்தில் இரண்டு வைரஸையும் மனித செல்லில்தான் வளர்க்கிறார்கள். தட்டம்மை வைரஸைக் கோழிக்கரு செல்லில் வளர்க்கிற கம்பெனிகளும் உண்டு. அதிலும் முட்டைப் புரதம் இருக்கிறதா என்று தேடணும், அவ்வளவு சொற்பம். முட்டை அலர்ஜிப் பிள்ளைகளுக்கு அதையும் போடுகிறார்கள். மாமியார் பயப்பட வேண்டியது மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு. அது நிஜமாகவே முட்டைக்குள் வளர்வது. ஆப்பிரிக்கா போகிறவர்கள் கவலைப்படட்டும்.

நான் கேட்பது வேறு: ஜெல்லி மிட்டாய் ஏதாவது கொடுத்து ஒத்துக்காமல் போயிருக்கிறதா? அந்த மிட்டாயில் இருக்கிற ஜெலட்டினைத்தான் மருந்து கெடாமல் இருக்கவும் சேர்க்கிறார்கள். 1990களில் ஜப்பானில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வந்த கடும் அலர்ஜிக்கு அதுதான் காரணம் என்று கண்டுபிடித்து, அங்கே மருந்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். நியோமைசின் என்கிற ஆன்டிபயாடிக்கும் துளி இருக்கும், அது ஒத்துக்காமல் போயிருந்தாலும் சொல்லுங்கள்.

முட்டை விஷயத்தை முதலிலேயே சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். போட்டதும் கிளம்பாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஏதாவது ஆனால் தொடையில் அட்ரினலின் (கடும் அலர்ஜிக்கான அவசர ஊசி) போட அவர்களிடம் கிட் இருக்கும். போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

தென்காசி அம்மா:
ஜெல்லியெல்லாம் கொடுத்ததே இல்லைக்கா. எதற்கும் கிளம்பும் முன்னாடி அலர்ஜி சிரப் ஊற்றிவிடவா?

பழைய நர்ஸம்மா:
வேண்டாம்மா. கடும் அலர்ஜியை அது தடுக்காது. முதலில் தெரிகிற தடிப்பைத்தான் மறைத்துவிடும்.