செந்தூல் பாட்டியும் அந்த ஒரு கேள்வியும்

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் இருக்கும் பிபிஆர் பிளாட்டில் (அரசாங்கத்தின் குறைந்த வாடகை அடுக்குமாடி) ஆறாவது மாடியில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். சிலாங்கூரில் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறியதும் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். கணவர் இல்லை. இரண்டு மகன்கள், இரண்டு பேரும் வெளியூர்.

வீட்டு வாடகை மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்). அதற்காகவே கோவில் பக்கத்துப் பூக்கடையில் சரம் கட்டுகிறார். வெள்ளிக்கிழமை அன்னதானச் சோற்றில் பாதியைக் கட்டிக்கொண்டு வந்து இரவுக்கு வைத்துக்கொள்வார். இதெல்லாம் நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது. "பசியாறிட்டீங்களா பாட்டி?" என்று எப்போது கேட்டாலும் "ஆச்சும்மா" என்பார்.

போன மாதம் லிப்ட் கெட்டுப்போன அன்று நான்காவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். தலைசுற்றல். ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு வந்திருக்கிறார். அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரைக்குப் பெரிதாகச் செலவில்லை; போக வர கிராப் வாடகைக் கார் காசுதான் கையைக் கடிக்கிறது.

சமூகநல இலாகாவில் முதியோர் உதவித்தொகைக்கு மனு போடலாம், மாதம் 600 வெள்ளி கிடைக்கும் என்றேன். முகம் மாறிவிட்டது.

"பிள்ளைங்க பாக்கலையான்னு கேப்பாங்களேம்மா. ஆபீஸ்ல உக்காந்து என் பிள்ளைங்களப் பத்தி நானே எப்படிச் சொல்லுவேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. பசியைத் தாங்கிக்கொள்கிறார், அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை.

இப்போதைக்கு, "நானும் அந்தப் பக்கம்தான் போறேன்" என்று சொல்லி மாத்திரை வாங்கும் நாளில் காரில் ஏற்றிக்கொள்கிறேன். இறங்கும்போது ஒரு முழம் மல்லிகை தருவார். வேண்டாம் என்று சொல்வதில்லை. மனு விஷயத்தில் யாருக்காவது அனுபவம் இருக்கிறதா?

பினாங்கிலிருந்து ஒரு பதில்:

அக்கா, எங்கள் பக்கத்து வீட்டு மாமாவும் இப்படித்தான். ஜாகா (காவலாளி) வேலை பார்த்தவர். 55 வயதில் எடுத்த சேமநிதிப் பணம் மகள் கல்யாணத்தோடு தீர்ந்துவிட்டது. நான்தான் சமூகநல உதவி எண் 15999க்கு அழைத்து விவரம் கேட்டேன். மனு போட்ட பிறகு அதிகாரி வீட்டுக்கே வந்தார். மாமா தலைகுனிந்து, "அவங்களுக்கும் கஷ்டம்தான்" என்று மட்டும் சொன்னார். அதிகாரி அதற்கு மேல் துருவவில்லை. பிள்ளைகளால் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றாலும் மனு போடலாமாம். பாட்டியிடம் அதை அப்படியே சொல்லிப் பாருங்கள். அவர் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. விசாரணைக்கு வரும் அன்று நீங்களும் பக்கத்தில் இருங்கள், அது பெரிய தைரியம்.

மாமா முதல் மாதப் பணத்தில் பேத்திக்குப் பள்ளிக் காலணி வாங்கி அனுப்பினார்.