சென்னை விக்டோரியா ஹால் உள்ளே சமீபத்துல போனவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே. நான் பழைய வண்ணாரப்பேட்டை. அப்பாவுக்கு 74 வயசு, இள வயசுல ஏரியா திருவிழா நாடகங்கள்ல பொம்பளை வேஷம் கட்டினவர். அந்தக் கால நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரோட சுகுண விலாச சபா நாடகக் குழு இந்த ஹால்ல நாடகம் போட்ட மேடையை ஒரு தடவையாவது கிட்ட நின்னு பாக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கார். ரிப்பன் மாளிகை பக்கத்துல இருக்கிற, ராபர்ட் சிஸம்ங்கிற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைச்ச அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பல வருஷமா பஸ் ஜன்னல் வழியாத்தான் பாத்திருக்கோம்.

புதுப்பிச்ச பிறகு உள்ளே போனவங்க சொல்லுங்க: முன்பதிவு செய்யணுமா, நேரா போனாலே விடுவாங்களா? முக்கியமா, மாடிக்கு லிஃப்ட் இருக்கா? அவருக்கு முட்டி வலி. பத்துப் படிக்கு மேல ஏற மாட்டார், ஏற முடியலன்னும் ஒத்துக்க மாட்டார்!

மெட்ரோல வர்றதுதான் யோசனை. மண்ணடி, ஹைகோர்ட், அடுத்தது சென்ட்ரல், அவ்வளவுதான். ஆனா ஸ்டேஷன்ல எந்த வாசல்ல வெளிய வந்தா நடை கம்மி? பூந்தமல்லி ஹைரோடை இவரைக் கூட்டிக்கிட்டு கடக்கறதை நினைச்சாலே பயமா இருக்கு.

அங்க இப்போ நாடகம் ஏதாவது நடக்குதுன்னா அதையும் சொல்லுங்க, அந்த நாளுக்கே கூட்டிட்டுப் போறேன்.