ஹீமோஃபிலியா குடும்பங்களுக்கு உதவி: ஃபேக்டர் வாங்கிக் கொடுப்பதா, வேறு எதில் பணத்தைப் போடுவது?

உசிலை அறப்பணி:
வணக்கம். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) உள்ள பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு எங்கள் சிறு அறக்கட்டளை உதவ நினைக்கிறது. பெரும்பாலும் ஏ வகை (ஃபேக்டர் 8 குறைவு), இரண்டு பேர் பி வகை (ஃபேக்டர் 9 குறைவு). இந்த வருடத்துக்குக் கையில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஃபேக்டர் வயல், அதாவது ரத்தம் உறைய உதவும் புரத மருந்துக் குப்பி, வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து, அவசரத்துக்குக் கொடுக்கலாம் என்பது நிர்வாகிகள் எண்ணம். சரிதானா? இல்லையென்றால் இந்தப் பணம் எதில் போனால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன்படும்?

மருந்தாளுநர், திருமங்கலம்:
வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். ஃபேக்டர் 8-ஐ ஒரு கிலோ எடைக்கு 1 யூனிட் ஏற்றினால் ரத்தத்தில் அளவு சுமார் 2 சதவீதம் கூடும். 20 கிலோ பையனுக்கு முழங்காலில் ரத்தக் கசிவு, 40 சதவீதம் ஏற்ற வேண்டும் என்றால் 20 × 40 × 0.5 = 400 யூனிட், அதாவது ஒரு 500 வயல். தலையில் அடி என்றால் 100 சதவீதம் வரை ஏற்றுவார்கள், அது 1000 யூனிட். ஃபேக்டர் 9-க்கு யூனிட்டுக்கு 1 சதவீதம்தான் கூடும், அதனால் பி வகைப் பையனுக்கு அதே முழங்காலுக்கு 800. ஃபேக்டர் 8 எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். தலைக்காயத்துக்கு நாள் கணக்கில் திரும்பத் திரும்பப் போட வேண்டும். உங்கள் 2 லட்சம் ஒரே ஒரு பையனின் ஒரு தலைக்காயத்துக்கே பற்றாமல் போகலாம். மதுரை பெரியாஸ்பத்திரியில் ஃபேக்டர் இலவசமாகப் போடுகிறார்கள். அங்கே சீக்கிரம் போய்ச் சேர வைப்பதுதான் உங்கள் வேலை.

இன்னொன்று, மருந்து விற்பனை உரிமம் இல்லாத அறக்கட்டளை இந்த மருந்தை இருப்பு வைத்து விநியோகிக்கக் கூடாது.

டாக்டர் எழுதிக் கொடுத்து வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, மருந்து கெடாமல் இருக்க உதவுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். ஃபிரீசருக்கு அடியில் ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்த மருந்து ஆகாது. நடுத்தட்டில், டப்பாவுக்குள், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரோடு வைக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகும்போது ஐஸ் மேல் வயல் நேரடியாகப் படக் கூடாது, நடுவே துணி வேண்டும். கலக்கும்போது குலுக்கவே கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாகச் சுழற்றினால் போதும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். கலந்ததை நாளைக்கு என்று எடுத்து வைக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

செவிலியர், ஆரப்பாளையம்:
அண்ணன் சொன்னதுதான் சரி. ஃபேக்டர் இல்லாததைவிட நேரம் போவதுதான் மூட்டைக் கெடுக்கிறது. மூட்டுக்குள் குறுகுறுப்பு, இளஞ்சூடு, ஒரு மாதிரி இறுக்கம் என்று பையன் சொன்ன உடனே கிளம்ப வேண்டும். வீங்கட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்து, பிறகு மடக்க முடியாமல் போகும்.

அதனால் முதல் செலவு பயணத்துக்கு. உசிலம்பட்டியிலிருந்து 40 கிலோமீட்டர். ஆரப்பாளையத்தில் இறங்கி, வீங்கின காலோடு இன்னொரு ஆட்டோ. டிக்கெட் கொண்டு வந்தால் பணம் தருகிறோம் என்பது கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு உதவாது. ஒவ்வொரு வீட்டிலும் 1500 ரூபாயை ஒரு கவரில் முன்கூட்டியே வையுங்கள், எடுத்தால் ஒரு வாரத்துக்குள் நிரப்புங்கள். தலையிலோ கழுத்திலோ அடி என்றால் 108.

இரண்டாவது செலவு, பை. அதில் கிரேப் பேண்டேஜ் ஒன்று, பருத்தித் துண்டு இரண்டு, டாக்டர் எழுதின டிரானெக்சாமிக் மாத்திரை (உறைந்த ரத்தம் கரையாமல் காப்பது), பாரசிட்டமால். உறைய வைத்த தண்ணீர் பாக்கெட் எப்போதும் ஃபிரீசரில் நான்கு இருக்கட்டும், கடைசி நேரத்தில் ஐஸ் தேடி அலைய வேண்டாம். துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும், வெறும் தோலில் வைக்கக் கூடாது. சிறுநீரில் ரத்தம் வந்தால் அந்த டிரானெக்சாமிக் மாத்திரையைத் தொடக் கூடாது. ரத்தக் கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்துவிடும்.

செலவே இல்லாத, ஆனால் மிக முக்கியமான வேலை ஒன்று உண்டு. நம் பக்கம் நடக்கும் நான்கு தவறுகளை நிறுத்தச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பேசுங்கள். வீங்கின முழங்காலுக்கு எண்ணெய் போட்டு நீவுவது. சூடான உப்பு ஒத்தடம். காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி, அது தசைக்குள் பெரிய ரத்தக் கட்டாகும். அப்புறம் வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின். இந்த வலி மாத்திரைகள் ரத்தம் நிற்க உதவும் தட்டணுக்களின் வேலையையும் தடுப்பதால் கசிவு நிற்காது. தடுப்பூசியை நிறுத்த வேண்டாம். மெல்லிய ஊசியில், முடிந்தால் தோலுக்கடியில் போட்டு, 5 நிமிடமாவது அழுத்திப் பிடிக்கச் சொல்லலாம்.

காதுகுத்துப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். மொய் எழுதும் விழா என்பதால் தேதி குறித்த பிறகு தள்ளிப்போட மாட்டார்கள். சுன்னத்தும் அப்படித்தான். இரண்டையும் ரத்தவியல் டாக்டரிடம் கேட்டு, ஃபேக்டர் போட்ட பிறகு ஆஸ்பத்திரியில் செய்யலாம். செய்யவே கூடாது என்று சொன்னால் யாருக்கும் தெரியாமல் செய்துவிடுவார்கள்.

பிசியோ, மேலூர்:
கசிவு நின்ற பிறகு என்ன என்பதை யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் கவலை. வலியும் வீக்கமும் குறைந்ததும் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தி 5 எண்ணி விட வேண்டும், 10 முறை, நாளைக்கு மூன்று வேளை. தொடைத் தசை மெலிந்தால் அடுத்த கசிவு சீக்கிரம் வரும். மடங்கி நிற்கும் மூட்டை யாராவது பலவந்தமாக நீட்டினால் புதிதாகக் கசியும். மாதம் ஒருமுறை ஒரு பிசியோவை உங்கள் ஊருக்கு வரவழைக்கும் பணம் வீண் போகாது.

எந்தத் தேதி, எந்த மூட்டு, எத்தனை மணிக்கு வலி, எத்தனை மணிக்கு ஃபேக்டர் என்று ஒரு 40 பக்க நோட்டு ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். ஒரே மூட்டில் 6 மாதத்துக்குள் மூன்று முறை தானாகக் கசிந்தால் டாக்டர் சிகிச்சை முறையையே மாற்றி யோசிப்பார், அதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

அடிவயிற்றில், தொடை இடுக்கில் வலி, காலை மடக்கியே படுத்திருக்கிறான், நீட்டினால் கத்துகிறான் என்றால் அது இடுப்புத் தசைக்குள் கசிவாக இருக்கலாம். வலப்பக்கம் வந்தால் குடல்வால் என்று நினைத்துவிடுவார்கள். ஹீமோஃபிலியா என்று வாசலிலேயே சொல்லச் சொல்லுங்கள்.

லேப் டெக்னீஷியன், மதுரை:
பரிசோதனைக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஃபேக்டர் போட்டும் கசிவு நிற்கவில்லை என்றால் இன்ஹிபிட்டர் (ஃபேக்டரைச் செயலிழக்கச் செய்ய உடலே உருவாக்கும் எதிர்ப்பொருள்) பார்க்க வேண்டும். கடுமையான ஏ வகையில் நான்கில் ஒருவருக்கு வரலாம், அதுவும் ஃபேக்டர் போடும் முதல் 50 நாட்களுக்குள்தான் அதிகம். அக்கா, தங்கை, அம்மாவுக்கும் ஃபேக்டர் அளவு பாருங்கள். நோயைக் கடத்துபவர் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம், ஆனால் சிலருக்கு அளவு குறைந்தே இருக்கும். மாதவிடாயிலும் பிரசவத்திலும் சிக்கல் வரும். ஏபிடிடி (ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பொதுப் பரிசோதனை) நார்மல் என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

ரத்தத்தை ஊரில் எடுத்து பஸ்ஸில் அனுப்பாதீர்கள். நீல மூடிக் குழாயில் கோடு வரை நிறைய வேண்டும், குறைந்தால் குழாயில் உள்ள சிட்ரேட் (ரத்தம் உறையாமல் தடுப்பது) அதிகமாகி முடிவு தப்பாகும். 4 மணி நேரத்துக்குள் பிளாஸ்மா பிரிக்க வேண்டும். நேரம் ஆக ஆக ஃபேக்டர் 8 அளவு இறங்கும், இல்லாத நோயைக் காட்டிவிடும். ஆளையே மதுரைக்குக் கூட்டி வருவதுதான் மலிவு.

உசிலை அறப்பணி:
அனைவருக்கும் நன்றி. வயல் வாங்கும் தீர்மானத்தை எடுத்துவிட்டோம். பையன்களுக்கு ஒரு அட்டை அடித்து லேமினேட் செய்து கொடுக்கலாம் என்று இருக்கிறோம். அதில் என்ன போடுவது? பள்ளிக்கூடத்துக்கும் அதுவே போதுமா?

செவிலியர், ஆரப்பாளையம்:
லேமினேட் வேண்டாம், எடை மாறிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும் டோஸும் திருத்தி டாக்டர் கையெழுத்து வாங்குங்கள். வகை, ஃபேக்டர் சதவீதம், இன்ஹிபிட்டர் உண்டா இல்லையா, பார்த்த தேதி, ரத்தப் பிரிவு. பெரிய எழுத்தில் இரண்டு வரி: தசையில் ஊசி போடாதீர். தலையில் அடி என்றால் முதலில் ஃபேக்டர், பிறகு ஸ்கேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோஃபிலியாவும் உண்டு. தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க உதவி செய்யுங்கள். பள்ளிக்கு அட்டை போதாது, விளையாட்டு ஆசிரியரையும் நேரில் பாருங்கள். கபடி வேண்டாம், நீச்சலும் நடையும் நல்லது. மூக்கில் ரத்தம் வந்தால் உட்கார வைத்து, தலையை முன்னால் சாய்த்து, மூக்கின் மென்மையான பாகத்தை 10 நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். அண்ணாந்து படுக்க வைக்கிறார்கள், அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.